பொம்மைக்கு மறு வர்ணம்

1945-ம் ஆண்டு டிசம்பர் மாதம். யுத்தம் முடிந்து நான்கு மாதங்கள்கூட நிறையவில்லை. ஜப்பானின் பழைய தலைநகரமான கியோட்டோவில் மாருபுத்சு என்ற பெரிய கடையில் கூட்டம் மொய்த்தது. அரிசி வந்துவிட்டதோ, துணி வந்துவிட்டதோ என்று நினைத்துவிடாதீர்கள். விற்பனைக்கு வந்திருந்தது ஒரு பொம்மை. கையகல நீளத்தில் ஒரு தகர ஜீப். விலை பத்து யென்.

அந்த ஜீப்பைச் செய்தவர் கொசுகே மாட்சுசோ என்ற பொம்மைத் தொழிலாளி. அவர் அப்போது ஓட்சு என்ற ஊரில் ஒண்டிக்கொண்டிருந்தார். கையில் தொழில் இருந்தது, தகரம் இல்லை. ஊரெங்கும் அமெரிக்கச் சிப்பாய்கள் ஜீப்பில் ஏறிப் பறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தின்றுவிட்டு, குடித்துவிட்டு எறிந்த காலி டப்பாக்கள் குவிந்து கிடந்தன. கொசுகே அந்த டப்பாக்களைப் பொறுக்கி, வெட்டி, தட்டி நிமிர்த்தி, மேலே வர்ணம் பூசி, ஜெயித்தவனுடைய ஜீப்பையே பொம்மையாகச் செய்துவிட்டார். தோற்ற தேசத்துக் குழந்தைகள் அதைத் தரையில் உருட்டி விளையாடினார்கள். அந்தக் காலத்துத் தகர பொம்மைகள் சிலவற்றைத் திருப்பி உட்புறம் பார்த்தால், வெளியே பூசிய வர்ணத்துக்குப் பின்னால், பழைய டப்பாவின் அச்செழுத்து இன்னமும் தெரியும் என்கிறார்கள் சேகரிப்பவர்கள்.

யந்திர மனிதப் பொம்மைகளின் சரித்திரத்தை எழுத உட்காரும்போது எனக்கு இந்த ஜீப்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஒன்றாக இருந்ததன்மேல் வர்ணம் பூசி இன்னொன்றாக ஆக்குவது என்னும் வித்தை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அதே வித்தையின் விஸ்தாரம் என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

1947-ல் ஜப்பான் மறுபடி ஏற்றுமதி செய்ய அனுமதி கிடைத்தது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற முத்திரையைச் சுமந்துகொண்டு பொம்மைகள் கப்பலேறின. 1952-ல் ஆக்கிரமிப்பு முடியும் வரையில் அந்த முத்திரை வழக்கத்தில் இருந்தது. உணவுக்கும் பருத்திக்கும் டாலர் வேண்டும். டாலருக்குப் பொம்மை வேண்டும். அப்போது அமெரிக்கக் குழந்தைகளுக்கு ராக்கெட் மோகமும் யந்திர மனித மோகமும் தலைக்கேறியிருந்த சமயம். ஜப்பானியப் பட்டறைகள் தட்டையான தகரத் தாளில் முதலில் கண், மூக்கு, பல்சக்கரம், அளவுமானி எல்லாவற்றையும் அச்சடித்து, அப்புறம் அதை அழுத்தி வளைத்து, காதுகளை மடக்கிப் பூட்டி, யந்திர மனிதர்களை ஆயிரக்கணக்கில் நடக்கவிட்டன. சாவி கொடுத்தால் நடக்கும். மின்கலம் போட்டால் கண் எரியும். மார்பில் தெரிந்த யந்திரமெல்லாம் வெறும் படம். உள்ளே ஒரு சுருள்வில்லும் நான்கு சக்கரங்களும்தான்.

இனி, அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாகாணத்துக்குப் போக வேண்டும். அங்கே ஹாஸன்ஃபெல்ட் சகோதரர்கள் என்று ஒரு கம்பெனி. துண்டுத் துணி வியாபாரத்தில் ஆரம்பித்து, பென்சில் பெட்டிக்கு வந்து, பிறகு பொம்மைக்கு வந்தவர்கள். பிற்காலத்தில் 'ஹாஸ்ப்ரோ' என்று பெயர் சுருங்கிற்று, பணம் பெருகிற்று. 1964-ல் அவர்கள் ஏறக்குறைய ஓர் அடி உயரமுள்ள சிப்பாய்ப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயர் ஜி.ஐ. ஜோ. கை, கால், கழுத்து, மணிக்கட்டு எல்லாம் வளையும். சட்டை மாற்றலாம், தொப்பி மாற்றலாம். பெண் குழந்தைகளின் பொம்மைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 'பொம்மை' என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது என்று அங்கே உத்தரவாம். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்றுதான் சொல்ல வேண்டும். பையனுக்குப் பொம்மை வாங்கித் தர எந்தத் தகப்பனாரும் சம்மதிக்கமாட்டார் அல்லவா? பெயரை மாற்றினார்கள், தகப்பனார்கள் வாங்கித் தந்தார்கள். மனித உருவத்துக்கு ஏகபோக உரிமை கோர முடியாது என்பதால் கன்னத்தில் ஒரு தழும்பைப் போட்டு, அதைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்ட சாமர்த்தியமும் அவர்களுடையதுதான்.

1970-ல் இந்தச் சிப்பாய் ஜப்பானுக்குப் போனான். அழைத்துப் போனது டகாரா என்ற கம்பெனி. ஆனால் சிப்பாய் வேஷம் அங்கே நெடுநாள் எடுபடவில்லை. இரண்டு வருஷத்தில் டகாரா ஒரு காரியம் செய்தது. அதே உடலைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் வார்த்து, உள்ளே பளபளவென்று யந்திர உறுப்புகள் தெரியும்படி அமைத்து, 'பாதி மனிதன், பாதி யந்திரம்' என்று 1972-ல் விற்றது. அந்த வெற்றுடம்புக்குத் தொலைக்காட்சி வீரர்களின் முகமூடியும் உடுப்பும் தனியாகக் கிடைக்கும். இன்று ஒருவன், நாளை வேறொருவன். பிறகு 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பிளாஸ்டிக் என்பது எண்ணெயின் பேரன்தானே? ஓரடி உயர வீரன் கட்டுப்படியாகவில்லை. 1974-ல் அவனையே பத்து சென்டிமீட்டருக்குக் குறுக்கி 'மைக்ரோமேன்' என்றார்கள். 1980-ல் அவன் இன்னும் குறுகி விரல்நுனி அளவானான். இவ்வளவு சின்ன ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் ஏறி ஓட்டுவதற்குப் பெரிய யந்திர மனிதர்களைச் செய்தார்கள். 'டயாக்ளோன்' என்று அந்த வரிசைக்குப் பெயர். 1982-ல் அந்த யந்திர மனிதர்கள் நிஜக் கார்களாக மடங்கக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஒரு லாரி வந்தது. சிவப்புத் தலை, நீலக் கால்கள். மடக்கினால் லாரி, பிரித்தால் மாவீரன்.

அந்த லாரி மறுபடி ஹாஸ்ப்ரோவிடமே வந்து சேர்ந்த கதையில் நாவலாசிரியன் துணிந்து எழுதத் தயங்கும் ஒரு பாத்திரம் இருக்கிறார். ஹென்ரி ஓரென்ஸ்டைன் என்று பெயர். 1923-ல் போலந்து தேசத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் தகப்பனாரை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். இவர் ஐந்து வதை முகாம்களைக் கண்டவர். ஒரு முகாமில், யூதர்களில் விஞ்ஞானிகளும் பொறியியல் படித்தவர்களும் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். இவருக்கு விஞ்ஞானத்தில் ஓர் அட்சரம் தெரியாது. துணிந்து தம் பெயரையும் உடன்பிறந்தவர்கள் பெயரையும் கொடுத்துவிட்டார். விஞ்ஞானி வேஷம் உயிரைக் காத்தது. யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவுக்கு வந்து பொம்மைக் கம்பெனி நடத்தி, பெரிய பணக்காரராகி, கம்பெனி திவாலாகி, மறுபடி பொம்மை யோசனைகளை விற்றுப் பிழைத்தார். சீட்டாட்டத்தில் ஆட்டக்காரன் கையில் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டைத் தொலைக்காட்சி நேயர்களுக்குக் காட்டும் காமிராவுக்கும் காப்புரிமை வாங்கியவர் இவரே. 2021-ல் காலமானார். ஒன்று இன்னொன்றாக மாறும் பொம்மையின் மகத்துவம் ஹாஸ்ப்ரோ முதலாளிகளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி, டகாராவையும் அவர்களையும் ஓர் ஒப்பந்தத்தில் சேர்த்துவைத்தவர் அவர்தான். வேஷம் மாறிப் பிழைத்த மனிதருக்கு அந்தப் பொம்மையின் அருமை தெரிந்தது என்று நான் எழுதினால், கதைக்காரன் புத்தி என்பீர்கள். எழுதாமலே விட்டுவிடுகிறேன்.

1984-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற பெயரில் அவை அமெரிக்காவில் இறங்கின. ஜப்பானில் அவை வெறும் வாகனங்கள். ஓட்ட ஒரு குட்டி மனிதன் தேவைப்பட்டது. ஹாஸ்ப்ரோ அந்தக் குட்டி மனிதனை நீக்கிவிட்டு, யந்திரத்துக்கே உயிர் உண்டு என்றது. அச்சு பழைய அச்சானபடியால் ஓட்டுநரின் இருக்கை மட்டும் பல பொம்மைகளில் அப்படியே தங்கிவிட்டது. ஆள் போன பிறகும் கிடக்கும் சாய்வு நாற்காலி மாதிரி.

உயிர் கொடுத்தாகிவிட்டது; பெயர் வேண்டுமே! மார்வெல் என்ற சித்திரக்கதைப் பத்திரிகைக் கம்பெனியிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். லாரிக்கு 'ஆப்டிமஸ் பிரைம்' என்று பெயரிட்டவர் டென்னி ஓ'நீல். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் குணமும் வைத்தவர் பாப் புடியான்ஸ்கி. 1983 நவம்பரில் அவரிடம் வேலை வந்தது. சில நாட்களுக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி. வில்லனுக்கு அவர் 'மெகட்ரான்' என்று பெயரிட்டார். கம்பெனிக்காரர்கள், "கேட்கவே பயமாக இருக்கிறதே!" என்று தயங்கினார்களாம். "வில்லன் என்றால் பயம் வேண்டாமா?" என்று கேட்டு நிலைநாட்டினார். பத்திரிகைக்காரர்கள் எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரிதான் வேலை வாங்கப்படுகிறார்கள்.

இப்போதுதான் என் விஷயத்துக்கு வருகிறேன். பொம்மை அச்சு செய்வதற்குச் செலவு மிக அதிகம். எஃகைக் குடைந்து வேலை செய்ய வேண்டும். வர்ணமோ மலிவு. ஆகவே ஒரே அச்சில் மூன்று ஜெட் விமானங்களை வார்த்தார்கள். ஒன்று வெளிர் சாம்பல், ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. உறுப்புக்கு உறுப்பு வித்தியாசம் கிடையாது. ஆனால் புடியான்ஸ்கி பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியதைப் படித்த குழந்தைக்கு அவை மூன்று பேர். சாம்பல் நிறத்தவன் தலைவனைக் கவிழ்த்துப் பதவிக்கு வரத் துடிக்கும் துரோகி. நீலம் தன் கட்சி செய்வது சரிதானா என்று மனத்துக்குள் சந்தேகப்படுகிறவன். கறுப்பு, மறைந்து வந்து பிறரைச் சீண்டிச் சிரிக்கிறவன். ஒரு டப்பி வர்ணமும் நாலு வரி எழுத்தும் சேர்ந்தால் ஓர் ஆத்மா தயார்! நம் வீடுகளில் நவராத்திரிக்கு முன் பரணிலிருந்து இறக்கிய பழைய பொம்மைக்குப் பாட்டிமார்கள் வர்ணம் தீட்டுவது உண்டு. செட்டியார் பொம்மையின் சட்டை இந்த வருஷம் பச்சையானாலும் அவர் செட்டியாராகவே இருப்பார். அமெரிக்கப் பெட்டியில் நிறம் மாறினால் பேரும் ஊரும் குணமும் மாறிவிடுகின்றன.

கம்பெனிக்காரர்கள் செய்யக்கூடியதைக் குழந்தைகள் செய்யக் கூடாதா? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்கள் ஜப்பானியச் சிறுவர்கள்.

1979-ல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'மொபைல் சூட் கண்டாம்' என்று ஒரு சித்திரத் தொடர் வந்தது. டோமினோ யோஷியுகி என்பவர் இயக்கியது. ஓகவாரா குனியோ யந்திரங்களை வரைந்தார். டோமினோவுக்குத் தம் கதாநாயக யந்திரம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஆசை. யுத்தக் கருவிக்குச் சிவப்பும் நீலமும் மஞ்சளும் எதற்கு? ஆனால் பணம் போட்ட பொம்மைக் கம்பெனிக்கு அது சம்மதமில்லை. கடை அலமாரியில் கண்ணைப் பறிக்க வேண்டாமா? பறிக்கும்படி செய்தார்கள். அப்படியும் பொம்மை போதுமான அளவு விற்காததால், 52 வாரம் ஓட வேண்டிய தொடர் 43-லேயே முடிக்கப்பட்டது. அந்தக் கம்பெனி 1983-ல் திவாலாயிற்று.

தொடர் செத்த பிறகு அதற்கு வாழ்வு வந்தது. பண்டாய் என்ற வேறொரு கம்பெனி 1980 ஜூலையில் அதே வீரனைத் துண்டு துண்டான பிளாஸ்டிக் பாகங்களாக 300 யென்னுக்கு விற்றது. ஏறக்குறைய எல்லாமே வெள்ளைப் பாகங்கள். சிறுவன்தான் வெட்டி எடுக்க வேண்டும், பசை தடவி ஒட்ட வேண்டும், சிவப்பையும் நீலத்தையும் மஞ்சளையும் தானே பூச வேண்டும். கொடுத்த காசுக்கு வேலையும் செய்யச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று நமக்குத் தோன்றும். கடை திறக்கும் முன் சிறுவர்கள் வரிசையில் நின்றார்கள். 1982 ஜனவரியில் தோக்கியோவுக்கு அருகில் ஒரு கடையில், ஓடும் படிக்கட்டில் முண்டியடித்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்து காயப்படும் அளவுக்குக் கூட்டம்.

வர்ணம் பூசும் அதிகாரம் கைக்கு வந்ததும் பையன்கள் சும்மா இருப்பார்களா? பெட்டிமேல் போட்ட படத்தைப் பார்த்து அப்படியே பூசியவர்கள் சிலர். மற்றவர்கள், யுத்த டாங்கி மாடல்களில் கைதேர்ந்த அண்ணன்மார்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பளபளப்பை அழித்தார்கள். பாசிப் பச்சை, மண் நிறம், சாம்பல். கணுக்காலில் சேறு, விளிம்பில் உதிர்ந்த வர்ணம், குண்டு பட்ட புகைக்கறை. 1981-ல் 'ஹாபி ஜப்பான்' பத்திரிகை இம்மாதிரி கைவேலைகளையும் அவற்றைச் செய்யும் முறையையும் ஒரு தனி மலராகவே வெளியிட்டது. ஓகவாராவும் தம் யந்திரங்களை ராணுவ நிறங்களில் மறுபடி வரைந்தார். பண்டாய் பார்த்தது. 'நிஜ மாதிரி' என்ற பெயரில் அடங்கிய நிறங்களில் புதிய பெட்டிகளை விற்க ஆரம்பித்தது. 1983-ல் தொடரில் தலையே காட்டாத யந்திர வகைகளுக்கென்றே தனி வரிசை வந்தது. அதற்கு வழி வகுத்ததில் மாடல் செய்பவர்களுக்கும் கணிசமான பங்கு உண்டு. டோமினோவுக்குக் கிடைக்காத நிறச் சுதந்திரத்தை 300 யென் கொடுத்த சிறுவன் எடுத்துக்கொண்டான். இந்த முழுச் சரித்திரத்திலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எழுதியவனைவிடப் படிப்பவன் நன்றாகக் கதையை முடித்துவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு என்பது எங்களுக்கெல்லாம் தெரியும், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

எங்கள் எதிர் வீட்டில் கல்லூரி மாணவன் ஒருவன் இந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். நினைத்தவுடன் தூரிகையைத் தோய்த்துப் பூசுகிற சமாசாரமல்ல அது. முதலில் திருகாணிகளைக் கழற்றி, பொம்மையை முப்பது நாற்பது துண்டாக்கினான். எது எங்கிருந்து வந்தது என்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டான். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் அலசினான். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் வர்ணம் பிடிக்காதாம். பிறகு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தான். அதற்குமேல் சாம்பல் நிறத்தில் ஓர் அடிப்பூச்சு. அது காய்ந்த பிறகுதான் நிறம். அதையும் தண்ணீராய்க் கரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு தடவை. நான் ஆர்வத்தில் குனிந்தேன்.

"மாமா, கொஞ்சம் தள்ளி உட்காருங்கோ. மூச்சுக்காத்துல தூசி வந்து ஒட்டிக்கும்" என்றான்.

"இத்தனை பாடுபடறியே, கடையிலேயே நல்ல கலர்ல கிடைக்காதா?" என்று கேட்டேன்.

"கிடைக்கும் மாமா. ஆனா அது அவாளோட பொம்மை" என்றான்.

அவன் மிகவும் அஞ்சியது மூட்டுகளை. தோள் சுற்றும் இடத்தில் வர்ணம் சற்றுத் தடித்தால் இரண்டு தடவை கையைத் தூக்கியதும் உரிந்துவிடும். ஆகவே உரசும் பரப்பை முன்கூட்டியே மயிரிழை அளவு தேய்த்துக் குறைக்க வேண்டும். எண்ணெய் வர்ணத்தைக் கரைக்கும் தின்னர், சில பிளாஸ்டிக்குகளின் இடுக்கில் இறங்கினால் அந்த மூட்டு மறுநாள் கையோடு ஒடிந்து வந்துவிடும். நிற்கிற பொம்மைக்கு வர்ணம் பூசுவது எளிது. மாறுகிற பொம்மைக்குப் பூசுவது பிரம்மப் பிரயத்தனம். கடைசியில் பளபளப்பை அடக்க ஒரு மேற்பூச்சு. அதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

இதை ஆட்சேபிக்கிற கூட்டமும் உண்டு. 1984-ம் வருஷத்துப் பொம்மை ஒன்று பெட்டியோடு, ஒட்டுத்தாளோடு கிடைத்தால், அதில் ஒரு துளி வர்ணம் படுவதும் பாவம் என்பார்கள். பணம் ஒரு காரணம்; மறு வர்ணம் பூசிய பழைய பொம்மைக்குச் சந்தையில் மதிப்பு விழுந்துவிடும். ஆனால் பிளாஸ்டிக் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வெள்ளை மஞ்சளாகிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவி வெயிலில் வைத்து வெளுப்பாக்குகிறார்கள். சில காலம் கழித்து மறுபடி மஞ்சள் பாய்கிறது. பொன்துகள் கலந்து வார்த்த ஒரு வகைப் பிளாஸ்டிக், பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் உள்ளுக்குள் நொறுங்கிப் போகிறது. தொடாமல் பாதுகாப்பவனுடைய பொம்மையும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

1986-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படம் அமெரிக்கக் கொட்டகைகளுக்கு வந்தது. பழைய பொம்மைகளைக் கடையிலிருந்து அகற்றிப் புதியவற்றுக்கு இடம் பண்ண வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. ஆகவே பழைய பாத்திரங்களைக் கொத்துக் கொத்தாகச் சாகடித்தார்கள். படம் பாதியை எட்டுமுன் ஆப்டிமஸ் பிரைமும் செத்தான். எப்படித் தெரிவித்தார்கள் தெரியுமா? கண் விளக்கு அணைந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிவப்பும் நீலமும் மெல்ல மெல்ல வடிந்து, உடம்பு முழுதும் சாம்பலாயிற்று.

கொட்டகையில் குழந்தைகள் விம்மி அழுதார்கள். சிலர் பாதியிலேயே பெற்றோரை இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள். கம்பெனிக்குக் கடிதங்கள் வந்தன. ஒரு சரக்குக்கு இவ்வளவு துக்கம் காப்பார்கள் என்று அதைச் செய்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஜி.ஐ. ஜோ படத்தில் அதேபோல் சாக இருந்த டியூக் என்பவனை, அவசரம் அவசரமாக 'மயக்கம்தான், பிழைத்துவிடுவான்' என்று வசனம் சேர்த்துக் காப்பாற்றினார்கள். 1987-ன் தொடக்கத்தில் தொலைக்காட்சித் தொடரில் பிரைமுக்கும் உயிர் திரும்பிற்று. சிவப்பு, நீலம் எல்லாம் திரும்பின.

அதன் பிறகு கம்பெனிகள் அவனை எத்தனையோ நிறங்களில் விற்றிருக்கின்றன. 2000-ம் ஆண்டு ஜப்பானில் அவனுடைய பழைய லாரி அச்சு ஒன்றைக் கறுப்பாக்கி, அவனுக்கே ஓர் எதிரியை உண்டாக்கினார்கள். சேகரிப்பவர்களுக்காகச் செய்த பெரிய உருவத்தையும் ஒரு தடவை உச்சி முதல் உள்ளங்கால் வரை சாம்பல் பூசி வெளியிட்டார்கள். அது படத்தில் அவன் செத்துக் கிடந்த நிறம்தான் என்பது வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். பெட்டியில் போட்ட பெயர் மட்டும் 'உறக்க நிலை'.